வகுப்பு முடிந்ததும் நின்ற வரிசை

அந்த செமஸ்டர் முழுக்க நான் கெஞ்சிக்கொண்டேதான் இருந்தேன். பொறியியல் முதலாம் ஆண்டுப் பிள்ளைகளிடம், தயவுசெய்து வாயைத் திறந்து ஏதாவது பேசுங்கள் என்று. அவர்கள் திறக்கவில்லை. படிக்கட்டாக மேலேறிப் போகும் அந்தப் பெரிய விரிவுரைக் கூடத்தில் நான் ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு நிமிர்ந்தால், எல்லாத் தலைகளும் ஒரே நேரத்தில் குனியும். குளிரூட்டும் ஏர்கான் ஓடும் சத்தம் கேட்கும். யாரோ தண்ணீர் பாட்டிலைத் திறப்பார்கள். கடைசியில் நானே பதிலையும் சொல்லிவிட்டு அடுத்த ஸ்லைடுக்குப் போவேன்.

வேறு யாராவது இதைச் சொன்னால் நானும் சிரித்திருப்பேன். என் நிலைமையில் சிரிக்க வழியில்லை. சிங்கப்பூரின் இந்தப் பல்கலைக்கழகத்தில் நான் ஆராய்ச்சிக்காக எடுக்கப்பட்டவள் இல்லை, பாடம் நடத்த மட்டும் எடுக்கப்பட்டவள். நன்றாக நடத்துகிறேனா என்பதை இரண்டு தரப்பு சொல்ல வேண்டும். ஒன்று மாணவர்கள், பருவத்தின் கடைசியில், பெயர் போடாமல். இன்னொன்று ஒரு மூத்த பேராசிரியர், ஒரே ஒரு நாள் கடைசி வரிசையில் வந்து உட்கார்ந்து பார்த்துவிட்டு. போன தடவை இரண்டு தரப்பும் என்னைக் கைவிட்டன. மாணவர்களிடம் ஈடுபாடு தெரியவில்லை என்று சொல்லி, துறைத் தலைவர் என் ஒப்பந்தத்தை ஒரே வருஷத்துக்குத்தான் நீட்டினார். "இந்த வருஷம் பார்க்கலாம்" என்றார். பார்க்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா? ஐம்பதைத் தொடப்போகிற ஒருத்தி, உத்தரமும் தூணும் சொல்லித்தருவதைத் தவிர வேறெதுவும் அறியாதவள், இந்த வேலை போனால் எந்த வாசலில் போய் நிற்பது?

வேலை மட்டும் என்றால்கூடப் பரவாயில்லை. எனக்கு இந்த வேலை பிடிக்கும். அதுதான் பெரிய தொல்லை.

என் வீட்டுக்காரருக்கு மேற்குக் கோடியிலுள்ள துவாஸ் துறைமுகத்தில் ஷிப்ட் வேலை. காலையில் வந்து சாப்பிட உட்கார்ந்தவரிடம் என் புலம்பல் ஆரம்பித்துவிடும்.

"ஏன் இப்படி அடிச்சிக்கிறே? பிள்ளைங்க பாஸ் பண்ணாப் போதும்லா."

"பாஸ் பண்றது பெரிசில்லீங்க. யாருக்கும் புரியல. புரியலன்னு சொல்லவும் மாட்டேங்குறாங்க."

"சொன்னா மட்டும் என்ன பண்ணிடுவே?"

"திரும்பச் சொல்லுவேன்."

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு இன்னொரு தோசை கேட்டார்.

கற்பித்தலை மேம்படுத்த ஒரு பயிலரங்குக்கு என்னை அனுப்பினார்கள். அங்கே கண்ணாடித் தடுப்பில் கலர் கலராக ஒட்டுத்தாள் ஒட்டினோம். நீலத்தாளில் நம் பலம், மஞ்சள்தாளில் நம் பயம். நான் மஞ்சளில் எழுதி மாளவில்லை. நடத்திய அம்மாள் ரொம்ப இனிமையாகச் சிரித்து, மாணவரை மையத்தில் வையுங்கள் என்றார். வைக்கிறேன் தாயே, அவர்கள் வந்து உட்கார மாட்டேன் என்கிறார்களே! அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. அங்கே நானும் வாயைத் திறக்காத மாணவிதான்.

திரும்பி வந்து ஒவ்வொன்றாகச் செய்து பார்த்தேன். கைப்பேசியில் பெயரில்லாமல் பதில் அனுப்பும் முறையைக் கொண்டுவந்தேன். திரையில் வந்த முதல் பதில், சீக்கிரம் விட முடியுமா என்பது. குழுவாகப் பேசச் சொன்னேன். குழுவாக மௌனமாக இருந்தார்கள். பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். மறுவாரம் கூடத்தில் பாதி நாற்காலிகள் காலி, விடுதியில் படுத்துக்கொண்டு என் வகுப்பின் பதிவை இரட்டை வேகத்தில் கேட்டுக்கொண்டிருந்தார்கள். எவ்வளவு பாடுபட்டுச் சொன்னாலும் அவர்களுக்கு என் குரல் கீச்சுக்கீச்சென்றுதான் கேட்டிருக்கும். அன்று சம்பளம் வாங்குகிற ஒரு காரணத்துக்காகத்தான் வீட்டுக்குப் போகாமல் நின்றேன்.

லட்டு யோசனை அப்படிப்பட்ட ஒரு நாளில் வந்ததுதான். பதில் சொல்கிறவர்களுக்கு லட்டு. எவ்வளவு கீழே இறங்கிவிட்டேன் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியா போனேன். நடைபாதையில் கால் வைக்க இடமில்லை. துவாஸிலிருந்தும் கிராஞ்சியிலிருந்தும் லாரியிலும் பஸ்ஸிலும் வந்த வெளிநாட்டு ஊழியர்கள் தெருவை நிறைத்திருந்தார்கள். லட்டுப் பெட்டியும் கையுமாக ஒரு பயணப்பெட்டிக் கடையைத் தாண்டும்போது, தெருவுக்கே கேட்கிற மாதிரி ஒரு பெண் குரல் வந்தது. ஊருக்குப் போகிறவர்கள் வாங்குகிற பயணப்பெட்டிகளும் கம்பளிகளும் அடுக்கிய கடை. கல்லாவுக்கு முன்னால் ஊழியர்கள் வரிசையாக நின்றார்கள். உள்ளே தலையில் முக்காடு போட்ட ஒரு பெண், ஒரு பெட்டியின் இழுகைப்பிடியை முழுக்க வெளியே இழுத்துப் பிடித்துக்கொண்டு, "அண்ணே, இதுல போய் இன்னொரு பையத் தொங்கவிட்டு இழுக்காதீங்க. ஏர்போர்ட் போறதுக்குள்ள வளைஞ்சிடும். அப்புறம் என் அத்தாகிட்ட வந்து சண்ட போடக் கூடாது" என்று கல்லாவிலிருந்த தன் அப்பாவைக் காட்டினாள். வரிசையே சிரித்தது.

பார்த்தால் என் வகுப்புப் பெண். மூன்றாவது வரிசையில் ஓரமாக உட்காருவாள். அன்றுவரை அவள் குரல் எப்படியிருக்கும் என்றே எனக்குத் தெரியாது.

என்னைக் கண்டதும் அவள் முகம் சுருங்கிவிட்டது. "ப்ராஃப், நீங்க இங்கெல்லாம் வருவீங்களா?" என்றாள்.

"ஏன், நான் லட்டு சாப்பிடக் கூடாதா?" என்றேன். பிறகு என் வாய் சும்மா இருக்கவில்லை. "இங்க இந்தப் பேச்சுப் பேசறே. கிளாஸ்ல ஏம்மா ஒரு வார்த்தை வர மாட்டேங்குது?"

அவள் கைப்பிடியை மெதுவாக உள்ளே தள்ளினாள். "பைசே ப்ராஃப்" என்று, கூச்சமாயிருக்கு என்பதற்கு இந்த ஊரில் சொல்கிற வார்த்தையைச் சொல்லி, வெட்கத்தோடு சிரித்தாள். நான் விடுவதாக இல்லை என்று தெரிந்ததும் சொன்னாள்: "இங்க வர்றவங்களுக்கு நெஜமாவே தெரியாது. தெரியாமத்தான் கேக்குறாங்க, சொல்றேன். நீங்க கேக்குறப்ப உங்களுக்குத்தான் ஆன்சர் தெரியும்லா. அப்புறம் நான் எதுக்குச் சொல்லணும்? டெஸ்ட் வைக்கிற மாதிரி இருக்கு."

வரிசையில் அடுத்த ஆள் கம்பளி விலை கேட்டார். அவள் அந்தப் பக்கம் திரும்பிவிட்டாள். நான் ரயில் ஏறி குவீன்ஸ்டவுனில் என் வீட்டுக்கு வந்து சேரும்வரை அந்த வார்த்தையையே மென்றுகொண்டிருந்தேன். இத்தனை வருஷமாக நான் கேட்டதெல்லாம் கேள்வியே இல்லையா?

லட்டு திட்டம் எதிர்பார்த்தபடியே படுதோல்வி. அன்றைய பாடம், ஒரு முனையில் மட்டும் சுவரில் பிடித்திருக்கும் உத்தரம். எங்கள் பழைய அடுக்குமாடியில் சமையலறை ஜன்னலுக்கு வெளியே துணி காயப்போடும் மூங்கில் கம்பைத்தான் எப்போதும் உதாரணம் காட்டுவேன். கம்பின் நுனியில் ஈர ஜீன்ஸ் தொங்குகிறது. கம்பு முறிந்தால் எங்கே முறியும்? நுனியிலா, சுவரோரத்திலா? யாரும் பேசவில்லை. லட்டுப் பெட்டியைத் திறந்து காட்டினேன். ஒருவரும் கை தூக்கவில்லை. நெய் வாசனை மட்டும் மேல் வரிசைவரை போனது. வெறுத்துப்போய், பாதி நேரத்திலேயே, "இன்றைக்கு அவ்வளவுதான்" என்று மைக்கைக் கழற்றிவிட்டேன்.

அப்போதுதான் அவர்கள் எழுந்து வந்தார்கள். எப்போதும் அப்படித்தான். வகுப்பு முடிந்தால் சிலர் என் மேசைக்கு முன்னால் வரிசை கட்டுவார்கள். ஒருவர் பின் ஒருவராக, முதுகுப்பையை முன்னால் மாட்டிக்கொண்டு, தனியாகச் சந்தேகம் கேட்க. பல வருஷமாக அதை ஒரு தொல்லையாகத்தான் நினைத்திருந்தேன். அன்றைக்கு வேறு வேலையில்லாததால் கவனித்தேன். முதலில் நின்ற பையன் கேட்டதற்கு நான் வாய் திறப்பதற்குள் அவனுக்குப் பின்னால் நின்றவன் பதில் சொன்னான். அவன் சொன்னது தப்பு. மூன்றாவதாக நின்றவள், இல்லை இல்லை என்று குறுக்கே வந்தாள். வரிசையின் நடுவில் தனியாக ஒரு சண்டையே நடந்தது. கைகளை ஆட்டி, சத்தமாக, லட்டைத் தின்றுகொண்டு! என் வகுப்பு அங்கே நடந்துகொண்டிருந்தது. நான் மேசையோரம் ஒதுங்கி இடம் விட்டேன்.

பெட்டிக்கடைப் பெண் சொன்னது அப்போது உறைத்தது. இந்த ஊரில் வரிசையில் நிற்க யாருக்கும் வெட்கமில்லை. முன்னால் நிற்கிறவனுக்கும் தெரியாது, பின்னால் நிற்கிறவனுக்கும் தெரியாது, அதனால்தான் நிற்கிறார்கள். கூடத்தில் கை தூக்குகிறவன் தனி ஆள், காட்டிக்கொள்கிறவன். வரிசையில் யாரும் தனி ஆள் இல்லை.

மறுவாரம் பேராசையில் ஒரு காரியம் செய்தேன். இனிமேல் வகுப்பின் இரண்டாவது பாதியை வரிசையில் நடத்துவோம், எல்லோரும் வந்து நில்லுங்கள் என்று அறிவித்தேன். ஒருவரும் அசையவில்லை. பாடத்தில் சேர்த்த நொடியே அது இன்னொரு டெஸ்ட் ஆகிவிட்டது. ஆக, அது வகுப்பு என்று அவர்களுக்குத் தெரியவே கூடாது. அதற்குப் பிறகு நான் புத்தியாக நடந்துகொண்டேன். பாதி நேரம் பாடம், கடைசியில் முடிச்சு அவிழாத ஒரு கணக்கைத் திரையில் விடுவேன். "இன்றைக்கு அவ்வளவுதான்" என்று மைக்கைக் கழற்றுவேன். போகிறவர்கள் போவார்கள். மற்றவர்கள் வரிசை கட்டுவார்கள்.

வரிசையைப் பார்த்தால் இந்த ஊர் சும்மா போகாது. வாரத்துக்கு வாரம் அது நீண்டது. படிக்கட்டில் வளைந்து நடுவரிசை வரைக்கும் போனது. ஒரு நாள் அடுத்த வகுப்புக்குச் சீக்கிரம் வந்த வேறு துறைப் பிள்ளைகள் இரண்டு பேர், என்ன கொடுக்கிறார்கள் என்று தெரியாமலே கடைசியில் போய் நின்றுவிட்டார்கள். அவர்கள் முறை வந்தபோது, "உங்களுக்கு என்ன சந்தேகம்?" என்றேன். முழித்தார்கள். எனக்குப் பல மாதங்களுக்குப் பிறகு வயிறு வலிக்கச் சிரிப்பு வந்தது. வரிசையில் எல்லோரும் பேசினார்கள். ஒருத்தியைத் தவிர. பெட்டிக்கடைப் பெண் ஒவ்வொரு வாரமும் வந்து நிற்பாள், மற்றவர்கள் சண்டை போடுவதைக் கேட்பாள், மேசைக்கு வந்ததும், "ஓகே ப்ராஃப், புரிஞ்சிருச்சு" என்று போய்விடுவாள்.

மூத்த பேராசிரியர் வரும் நாள் தெரிந்ததும் நாட்காட்டியில் அதைச் சுற்றி வட்டமிட்டேன். அவருக்காக ஒரு நாள் பழையபடி முழு நேரமும் நானே பேசி, அழகான ஸ்லைடு காட்டி ஒப்பேற்றிவிடலாமா என்று யோசித்தேன். அவர் எதிரே கூடம் ஊமையாக உட்கார்ந்திருக்கும், அது போன தடவை பார்த்ததுதான். முன்கூட்டியே விஷயத்தைச் சொல்லிவிடலாம் என்றும் நினைத்தேன். சொன்னால், பாதி நேரத்தில் முடிப்பதற்குச் சாக்கு சொல்கிறாள் என்றல்லவா ஆகும்? கடைசியில் சொல்லாமல் விடுவது என்று முடிவெடுத்தேன். அவரும் இந்த ஊர்க்காரர்தானே, வரிசையைப் பார்த்தால் நிற்காமலா போய்விடுவார், நின்றால் தானாகப் புரிந்துகொள்வார் என்று கணக்குப் போட்டேன். உத்தரக் கணக்கில் நான் இவ்வளவு அசட்டுத்தனமாகப் போட்டதில்லை.

அன்று அவர் கடைசி வரிசையில் வந்து அமர்ந்தார். நான் நடத்தினேன். மூங்கில் கம்புக் கணக்கைத் திரையில் விட்டுவிட்டு, "இன்றைக்கு அவ்வளவுதான்" என்றேன். சிலர் போனார்கள். வரிசை கூடியது. மேலே பார்த்தேன். அவர் மடிக்கணினியை மூடி, பையில் வைத்து, எழுந்துவிட்டார். மரியாதைக்காரர். பிள்ளைகள் தனியாகச் சந்தேகம் கேட்கும் இடத்தில் தான் நிற்பது முறையில்லை என்று நினைத்திருப்பார். கதவருகே போய், என்னைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.

என்னிடம் மைக் இருந்தது. ஒரே வார்த்தை போதும். வகுப்பு முடியவில்லை, இதுதான் வகுப்பு, போகாதீர்கள் என்று கத்தியிருந்தால் அவர் நின்றிருப்பார். நான் மைக்கை எடுத்தும்விட்டேன்.

அந்த நேரம் பார்த்துத்தான் அவள் வாயைத் திறந்தாள். அவளுக்குப் பின்னால் நின்ற சீனப் பையன், பளு நுனியில் இருக்கும்போது சுவரோரத்தில் ஏன் முறிய வேண்டும், தனக்கு மண்டையில் ஏறவே இல்லை என்று புலம்பினான். அவன் என்னைக் கேட்கவில்லை. பொதுவாகச் சொன்னான். அவள் சட்டென்று திரும்பி, அவன் கையில் தன் நீளக் குடையைக் கொடுத்து, நீட்டிப் பிடி என்றாள். அவன் நீட்டினான். அவன் தோளிலிருந்த பையைக் கழற்றிக் குடையின் நுனியில் மாட்டினாள். குடை தாழ்ந்தது. "எங்கே வலிக்குது? குடை நுனியிலயா?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள். பெட்டிக்கடையில் கேட்ட அதே குரல், கூடம் முழுக்கக் கேட்டது. "மணிக்கட்டில்" என்றான் அவன். "நீதான் சுவர்" என்றாள்.

வரிசை முழுக்கக் கலைந்து அவளைச் சுற்றிக்கொண்டது. பின்னாலிருந்தவர்கள் தங்கள் குடைகளை எடுத்தார்கள். நான் இப்போது மைக்கில் பேசினால் எல்லாத் தலையும் குனியும், அவள் வாய் மூடிக்கொள்ளும், இனி இந்த வரிசையே நிற்காது. எனக்கு அது நன்றாகத் தெரியும். மேலே கதவு மெதுவாகச் சாத்திக்கொண்டது. மைக்கை மேசையில் வைத்தேன். என் வேலை அந்தக் கதவு வழியாக இறங்கிப் போகிறது என்று தெரிந்தே வைத்தேன். அவள் இன்னொருவன் கையில் குடையைக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

பருவம் முடிந்து துறைத் தலைவர் கூப்பிட்டார். நல்ல மனிதர், இந்த மாதிரி விஷயங்களைச் சொல்லும்போது எனக்குக் காபி வாங்கிவைத்திருப்பார். காபியைப் பார்த்ததுமே ஒப்பந்தம் நீளாது என்று தெரிந்துவிட்டது. மூத்த பேராசிரியர் நல்லபடியாகத்தான் எழுதியிருக்கிறார், தெளிவான விளக்கம், இனிமையான சுபாவம் என்று. ஆனால் வகுப்பு பாதி நேரத்தில் முடிந்துவிட்டது, மாணவர்கள் யாரும் பேசவில்லை. நான் எல்லாவற்றையும் சொன்னேன். வரிசை, குடை, பெட்டி, லட்டு. சொல்லச் சொல்ல எனக்கே அது கட்டுக்கதை மாதிரி இருந்தது. தேர்வில் இந்தத் தடவை பிள்ளைகள் எவ்வளவு நன்றாக எழுதியிருக்கிறார்கள் பாருங்கள் என்று மன்றாடினேன். மதிப்பெண்களை எப்போதும்போல, இத்தனை பேருக்குத்தான் முதல் தரம் என்று, ஒரே வளைவுக்குள் சரிசெய்துவிட்டார்களே என்றார் அவர். எல்லோரும் சேர்ந்து உயர்ந்தால் இங்கே யாரும் உயர்ந்ததாகத் தெரியாது. அதை நான் மறந்துபோயிருந்தேன்.

"மாணவர்களாவது வேறுமாதிரிச் சொல்லியிருந்தால்" என்று இழுத்தார். பிறகு திரையைப் பார்த்து, எனக்காக வருத்தப்பட்டுக்கொண்டே, ஒவ்வொன்றாக வாசித்தார். விரிவுரை ரொம்பச் சின்னது. எப்போதும் சீக்கிரம் விட்டுவிடுகிறார். நல்லவர், வகுப்பு முடிந்தும் நின்று உதவுகிறார், ஆனால் வகுப்பில் அதிகம் நடத்துவதில்லை.

நான் வரிசைக்குள் ஒளித்துவைத்த வகுப்பை அவர்கள் கண்டுபிடிக்கவே இல்லை. அவ்வளவு நன்றாக ஒளித்துவைத்திருக்கிறேன். இதற்குமேல் கேட்க வேண்டாம், எழுந்து போய்விடலாம் என்று பையை எடுத்தேன். அவர் இன்னும் ஒன்று இருக்கிறது என்றார், வாசிக்கவா வேண்டாமா என்று தயங்கினார். வாசியுங்கள் என்றேன்.

"இந்தப் பாடத்தில் எனக்குப் புரிந்த எதுவும் ஆசிரியரிடமிருந்து வந்ததில்லை. வரிசையில் எனக்கு முன்னால் நின்ற, குடை வைத்திருந்த பெண் சொல்லித்தந்ததுதான்."

அவர் தலையைத் தூக்கவில்லை. அதைவிட மோசமாக ஒரு ஆசிரியரைப் பற்றி யாரும் எழுத முடியாது என்று அவர் நினைத்திருக்க வேண்டும். நான் பையைக் கீழே வைத்தேன்.

"இன்னொரு தடவை வாசிங்க" என்றேன்.

மேல்முறையீட்டுக்காகக் குறித்துக்கொள்ளக் கேட்கிறேன் என்று எடுத்துக்கொண்டார் போல. என் வசதிக்காக, நிறுத்தி நிறுத்தி, முதலிலிருந்து வாசித்தார். குடை வைத்திருந்த பெண் என்ற இடம் வந்ததும் நான் உடைந்து அழுதேன். அவர் பதறிப்போய்த் தன் மேசையிலிருந்த டிஷ்யூ பாக்கெட்டை என் பக்கம் தள்ளினார், மன்னித்துவிடுங்கள், மன்னித்துவிடுங்கள் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நான் சந்தோஷத்திலும்தான் அழுகிறேன் என்று அவருக்கு எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.